ஆராய்ச்சிக் களஞ்சியத்தில் தேடும் வழி

விஞ்ஞான ஆராய்ச்சியின் பயன் ஆய்வுக் கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவர் கண்டறிந்த உண்மை எழுத்தில் ஏற வேண்டும். எழுத்தில் ஏறியது, பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதனை வேண்டி நிற்பவர் கைக்கு வந்து சேர வேண்டும். எழுதும் வேலையை உலகம் மிகத் திறம்படச் செய்து வருகிறது. தேடித் தரும் வேலையோ அதற்கு ஈடாக வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அதில் நேரும் குறையினால் உயிரே போவதும் உண்டு.

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், மூச்சுக் குழல்கள் சுருங்குவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. நல்ல உடல்நலமுள்ள சிலர் தாமே முன்வந்து அதில் பங்கு கொண்டனர். ஹெக்ஸாமெதோனியம் என்னும் மருந்தை அவர்கள் மூச்சின் வழியாக உட்கொண்டனர். அவர்களுள் 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் பழுதுற்று, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இறந்துபோனார். அம்மருந்து நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சியாளரும் முன்கூட்டியே தேடிப் பார்த்திருந்தார். ஆனால் அவர் தேடிய பப்மெட் என்னும் களஞ்சியத்தில் அப்பொழுது 1966-ஆம் ஆண்டு முதற்கொண்டே குறிப்புக்கள் இருந்தன. வேண்டிய கட்டுரைகள் நூல் நிலையத்து அலமாரிகளில் இருக்க, தேடுபவர் கண்ட பட்டியலில் அவை இல்லாமற் போயின. பழைய ஆண்டுகளின் குறிப்புக்கள் அக்களஞ்சியத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகின்றது. தேடும் சாதனம் ஒன்று, தன்னிடம் உள்ளது இன்னது என்று சொன்னால் மட்டும் போதாது. இல்லாதது இன்னது என்பதையும் தேடுபவர் கண்ணிற் படுமாறு சொல்ல வேண்டும். எந்த ஆண்டு முதல், எந்த மொழிகளில், எவ்வகை இதழ்களிலிருந்து குறிப்புக்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது தேடல் முடிவின் அருகிலேயே விளங்க வேண்டும். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதும் "அப்படி ஒன்று உலகிலேயே இல்லை" என்பதும் ஒன்றல்ல. முன்னதைப் பின்னதாகக் கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்து எச்சரிப்பது, சாதனத்தை அமைப்பவரின் கடமை.

பப்மெடின் வரலாறே நல்ல பாடமாகும். அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தின் தலைவராக விளங்கிய ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர், 1879-இல் இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்னும் மருத்துவக் கட்டுரைப் பட்டியலைத் தொடங்கினார். பின்னர் அந்நூலகமே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமாக வளர்ந்தது. 1964-இல் பட்டியல் தயாரிக்கும் வேலை கணிப்பொறிக்கு மாறியது. 1971-இல், தொலைவிலிருந்தே கம்பி வழியாகத் தேடுவதற்கு மெட்லைன் என்னும் அமைப்பு ஏற்பட்டது. அக்காலத்தில் மருத்துவர் தாமே தேடுவதில்லை. அதற்கெனப் பயின்ற நூலகரிடம் தம் தேவையைச் சொல்வார். நூலகர் அவரை நான்கு கேள்விகள் கேட்டு, உட்கருத்தை அறிந்து, பொறிக்கு விளங்கும் குறியீட்டில் எழுதித் தேடுவார். 1997-இல் பப்மெட், இணையத்தின் வழியாக, எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. இன்று அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புக்கள் உள்ளன.

நடுவில் இருந்த நூலகர் விலகினார். ஆனால் அவர் செய்துவந்த வேலை விலகவில்லை. தேடுபவர் வாயிற் சொன்னதற்கும் மனத்தில் நினைத்ததற்கும் உள்ள இடைவெளியை யாரேனும் நிரப்பித்தான் ஆக வேண்டும். எளிதிற் பயன்படும் தேடல் அமைப்பு என்பது, அந்த நூலகரின் நற்பண்புகளைப் பொறியில் குடியேற்றும் முயற்சியே ஆகும்.

பொறி எவ்வாறு தேடுகின்றது என்பதை முதலிற் காண்போம். கோடிக்கணக்கான கட்டுரைகளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசி வரை அது படிப்பதில்லை. நூல்களின் இறுதியில் அகரவரிசையில் சொல்லடைவு இருக்குமன்றோ? இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகிறது என்று அது காட்டும். அதைப் போலவே, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சொல் வரும் கட்டுரைகளின் எண்களைப் பொறி முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்கிறது. "காசநோய்", "குழந்தைகள்" என்று இரு சொற்களைக் கொடுத்தால், இரண்டு எண் வரிசைகளை எடுத்து, இரண்டிலும் உள்ள எண்களைக் கண நேரத்திற் பொறுக்கித் தருகிறது. வேகத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

வேகம் எளிது; பொருள் விளக்கம் அரிது. நாம் காசநோய் என்பதைச் சிலர் சயரோகம் என்பர். எலும்புருக்கி நோய் என்பாரும் உண்டு. ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் இந்நோய் டியூபர்குலோசிஸ், தைசிஸ், கன்சம்ப்ஷன் எனக் காலத்துக்கு ஒரு பெயர் பூண்டிருக்கிறது. ஒரு பெயரைக் கொண்டு தேடுபவர், மற்றப் பெயர்களால் எழுதப்பட்டவற்றை இழந்துவிடுகிறார். மாறாக, மெர்க்குரி என்ற ஒரே சொல் பாதரசத்தையும் குறிக்கும். புதன் என்னும் கோளையும் குறிக்கும். இரசாயனம் தேடியவருக்கு வானநூல் வந்து சேரும்.

இதற்கு ஒரு தீர்வு, கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல். அமெரிக்க மருத்துவ நூலகம் 1960-இல் மெஷ் என்னும் பெயரால் மருத்துவத் தலைப்புக்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இன்று அதில் ஏறத்தாழ 30,000 தலைப்புக்கள் உள்ளன. கட்டுரையாளர் எச்சொல்லைக் கையாண்டிருந்தாலும், அதன் பொருளுக்குரிய தலைப்பு அக்குறிப்பில் சேர்க்கப்படும். அத்தலைப்புக்கள் கிளையும் கொம்புமாய், மரம் போல் அமைந்திருப்பதனால், பெருந்தலைப்பைத் தேடினால் அதன் உட்பிரிவுகளும் உடன் வந்துவிடும். இதிலுள்ள இடையூறு ஒன்றுதான்: 30,000 தலைப்புக்களைச் சாதாரண மனிதர் மனப்பாடம் செய்ய இயலாது. ஆகையால் பப்மெட் ஒரு நல்ல வழியை மேற்கொண்டது. தேடுபவர் "ஹார்ட் அட்டாக்" என்று பேச்சு வழக்கில் எழுதினாலும், அது தானாகவே "மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்" என்ற மருத்துவத் தலைப்பையும் சேர்த்துத் தேடுகிறது. தான் அவ்வாறு மாற்றிக்கொண்டதை மறைக்காமல், விவரம் கேட்பவருக்குக் காட்டவும் செய்கிறது. உதவியும் உண்டு, உதவியின் கணக்கும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதே சிறப்பு.

சொல்லின் பொருட்டு நம் நாடு பட்ட பாடும் ஒன்று உண்டு. மஞ்சள் தூளைக் காயத்துக்கு இடுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். அதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, வடமொழி, உருது, இந்தி நூல்களிலிருந்தும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையிலிருந்தும் சான்றுகளை எடுத்துக் காட்டியது. 1997-இல் அவ்வுரிமை தள்ளுபடியாயிற்று. சான்றுகள் முன்பே இருந்தன. ஆனால் காப்புரிமை அலுவலர் தேடும் மொழியிலும் தேடும் வரிசையிலும் அவை இல்லை. இந்த அனுபவத்தின் பயனாக 2001-இல் மரபறிவு மின்னூலகம் என்னும் முயற்சி தொடங்கப்பெற்றது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம் ஆகியவற்றின் நூல்களில் உள்ள செய்முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்பட்டன. தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களும் அவற்றுள் அடங்கும். மேலும், காப்புரிமை அலுவலர்கள் உலகெங்கும் கையாளும் பகுப்பு முறையை ஒட்டியே அவை வகுக்கப்பட்டன. ஹரித்ரா என்று தேடத் தெரியாதவருக்கும் மஞ்சளைக் காட்டித் தருவதே இதன் நோக்கம். தேடுபவர் நம் மொழிக்கு வரட்டும் என்று காத்திராமல், அவர் பழகிய முறைக்கு நாம் பொருளைக் கொண்டுசென்றதனால்தான் இது பயன் தந்தது.

இக்கருத்துக்கு நம் நாட்டிலேயே பேராசான் ஒருவர் வாழ்ந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரின் காலத்தை வீணாக்காமற் காப்பதைப் பற்றியது. அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது. லண்டன் கடை ஒன்றில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளே அதற்குத் தூண்டுகோலாயிற்று. துண்டுகளைப் பலவாறு பூட்டிப் பல உருவங்கள் செய்வது போல, ஒரு நூலின் பொருளையும் பல முகங்களின் சேர்க்கையாகக் காணலாம் என்பது அவர் கருத்து. பொருளின் தனித்தன்மை, அது ஆக்கப்பட்ட பருப்பொருள், அதில் நிகழும் செயல், இடம், காலம் என்பன அம்முகங்கள்.

இன்றைய தேடல் பக்கங்களில் ஓரமாக ஆண்டு, மொழி, ஆய்வின் வகை, இதழ் எனச் சில தலைப்புக்கள் வரிசையாய் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, பெருந்தொகையைச் சிறுதொகையாகக் குறைத்துக்கொண்டே போகலாம். ரங்கநாதன் வகுத்த முகங்களின் வழித்தோன்றல்களே இவை எனலாம். தேடுபவர் முதலிலேயே எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்க வேண்டிய கட்டாயத்தை இம்முறை நீக்குகிறது. கிடைத்ததைப் பார்த்துப் பார்த்துக் கேள்வியைத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பிரிவின் அருகிலும் அதில் எத்தனை கட்டுரைகள் உள்ளன என்ற எண்ணைக் காட்டினால், வெறும் பிரிவிற் புகுந்து ஏமாறுவதும் இராது.

தேடலின் தரத்தை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்றை நிறைவு என்றும், மற்றொன்றைச் செம்மை என்றும் சொல்லலாம். ஒரு பொருளைப் பற்றிக் களஞ்சியத்தில் 100 கட்டுரைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பொறி 80 கட்டுரைகளைத் தருகிறது. அவற்றுள் 60 மட்டுமே உண்மையில் அப்பொருளைப் பற்றியவை. வர வேண்டிய நூற்றில் அறுபது வந்தமையால், நிறைவு நூற்றுக்கு 60. வந்த எண்பதில் அறுபது தகுதியுடையனவாகையால், செம்மை நூற்றுக்கு 75. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் மீனோடு பாசியும் வரும். பெரிதாக்கினால் பாசி நீங்கும், சிறு மீனும் தப்பும். ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழ்வதே பெரும்பாலும் வழக்கம்.

எது வேண்டும் என்பது தேடுபவரைப் பொறுத்தது. வாயிலில் நோயாளி காத்திருக்கும் மருத்துவருக்கு, நம்பத்தக்க இரண்டு மூன்று கட்டுரைகள் போதும்; அவை முதற் பக்கத்திலேயே வர வேண்டும். புதிய மருந்தை மனித உடலிற் சோதிக்கப் புகுபவருக்கோ ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஆயிரம் தலைப்புக்களைப் படிக்கவும் அவர் கடமைப்பட்டவர். நல்ல அமைப்பு இருவருக்கும் வழி வைத்திருக்கும். முகப்பில் எளிய ஒரே பெட்டி. அதற்கடுத்து, நுணுக்கமாகத் தேடுவோருக்குத் தனிப் பக்கம். அத்தனிப் பக்கத்தில் தேடிய முறையைச் சேமித்து வைக்கவும், வேறொருவர் அதனை அப்படியே திருப்பிச் செய்து பார்க்கவும் இடமிருக்க வேண்டும். ஒரு பரிசோதனையைப் பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதிவைப்பது விஞ்ஞானத்தின் நெறி. தேடலும் பரிசோதனையின் ஒரு பகுதியே ஆதலின், அந்நெறி அதற்கும் பொருந்தும்.

வந்தவற்றை எவ்வரிசையில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. புதியது முதலில் என்பது பழைய வழக்கம். தகுதி மிக்கது முதலில் என்பது இன்றைய வழக்கம். தகுதியைப் பொறி எப்படி அறியும்? கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1972-இல் இதற்கு ஓர் எளிய கருத்தை வழங்கினார். எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. மருத்துவக் களஞ்சியத்தில் "நோய்" என்ற சொல் எங்கும் நிறைந்திருக்கும். அது ஒன்றையும் பிரித்துக் காட்டாது. "ஹெக்ஸாமெதோனியம்" என்ற சொல்லோ மிகச் சில கட்டுரைகளையே சுட்டும். ஆகவே அரிய சொல் உள்ள கட்டுரை முன்னே நிற்க வேண்டும். இன்றைய தேடற் பொறிகள் பலவற்றின் அடிப்படையில் இக்கருத்து இருந்துவருகிறது.

அண்மைக் காலத்தில், சொற்களை எண் கோவைகளாக மாற்றி அவற்றின் பொருள் நெருக்கத்தைக் கணிக்கும் முறைகளும் வந்துள்ளன. கேள்விக்கு விடையையே வாக்கியமாக எழுதித் தரும் பொறிகளும் உள்ளன. இவை பயனுடையனவே. எனினும், இல்லாத கட்டுரையை இருப்பது போல் எழுதித் தரும் பிழை அவற்றிடம் காணப்படுகிறது. எனவே விடையின் ஒவ்வொரு கூற்றுக்கும் மூலக் கட்டுரை காட்டப்படுவதும், படிப்பவர் அதனைத் திறந்து பார்க்க முடிவதும் இன்றியமையாதவை.

இவற்றிலெல்லாம் எது சிறந்தது என்பதை வாதத்தினால் முடிவு செய்ய இயலாது. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானக் கல்லூரியின் நூலகராயிருந்த சிரில் கிளவர்டன் அதைச் சோதனையினால் முடிவு செய்ய முற்பட்டார். 1950-களின் பிற்பகுதியில் நான்கு வகையான பட்டியல் முறைகளை எடுத்து, ஒரே கட்டுரைத் தொகுதியின் மீது, ஒரே கேள்விகளைக் கொண்டு ஒப்பிட்டார். ஒவ்வொரு முறையின் ஆதரவாளரும் தம் முறையே வெல்லும் என்று எண்ணியிருந்தனர். முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதே முடிவாயிற்று. பின்னர் 1,400 கட்டுரைகளைக் கொண்டு நடத்திய இரண்டாம் சோதனையில், கட்டுரையில் உள்ள தனிச் சொற்களையே எடுத்துத் தேடும் எளிய முறை முன்னணியில் நின்றது. பலர் இதனை எதிர்பார்க்கவில்லை. வல்லுநரின் ஊகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சோதனைக்குப் பின்னரே அதனை ஏற்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அத்தகைய சோதனை மனிதரின் பழக்கத்தையும் கருத வேண்டும். "சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆய்வுகள்" என்று ஒருவர் கேட்டால், இவ்விரு ஊர்களில் எதில் நடந்ததாயினும் வேண்டும் என்பதே பொருள். பொறியோ ஜார்ஜ் பூல் வகுத்த தர்க்கத்தைப் பின்பற்றி, இரண்டு ஊர்ப் பெயரும் உள்ளவற்றை மட்டும் எடுத்துத் தரும். "பெரியவர்கள் வேண்டா" என்று விலக்கினால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த நல்ல கட்டுரையும் போய்விடும். பயின்றவர் இவற்றை அறிவர், மாணவர் அறியார். அறியாதவர் தவறான விடையைப் பெற்று, அது தவறு என்பதையும் உணராமற் போவார். இதுவே பெருந்தீங்கு.

நம் நாட்டில் இவ்வேலைக்கு நெடிய வரலாறு உண்டு. யுனெஸ்கோவின் உதவியோடு 1952-இல் டில்லியில் இன்ஸ்டாக் என்னும் விஞ்ஞான ஆவண நிலையம் நிறுவப்பட்டது. 1965 முதல் இந்திய விஞ்ஞானக் கட்டுரைகளின் சுருக்கங்கள் அதன் வாயிலாக வெளிவரலாயின. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம் நடத்தும் ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில், இன்று நம் பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சிப் பட்ட ஏடுகள் சில லட்சம் உள்ளன. இந்திய மொழிகளில் எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

அங்கே நமக்கே உரிய இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, பெயர். மேனாட்டு முறையில் குடும்பப் பெயரால் ஆசிரியரை வரிசைப்படுத்துவர். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாதார் பலர். தந்தையின் பெயரையும் ஊரையும் தலைப்பெழுத்தாக இடுகிறோம். ஒருவரே ஓரிடத்தில் தலைப்பெழுத்தோடும், மற்றோரிடத்தில் தந்தை பெயர் முழுதாக விரிந்தும் காணப்படுகிறார். பொறிக்கு அவர் இருவர். இரு ஊர்களிலுள்ள ஒரே பெயரினரோ அதற்கு ஒருவர். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம் கொண்ட தனி எண் வழங்கும் ஆர்க்கிட் என்னும் ஏற்பாடு 2012 முதல் இதற்குத் துணை நிற்கிறது.

இரண்டாவது, மொழியின் இயல்பு. தமிழில் சொல் உருமாறும். "நெல்" என்று தேடுபவருக்கு "நெல்லின்", "நெற்பயிர்" என்பனவும் வர வேண்டும். "மரம்" என்று தேடினால் "மரத்தின்", "மரங்கள்" என்பன விடுபடலாகாது. எழுத்துக்களை மட்டும் ஒப்பிடும் பொறி இவற்றை வேறு வேறு சொற்களாகவே கொள்ளும். ஆங்கிலத்துக்கென அமைந்த தேடும் முறையைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால், தமிழில் எழுதிய ஆய்வேடு இருந்தும் இல்லாததாகிவிடும். வேர்ச்சொல்லைப் பிரித்தறியும் இலக்கண அறிவு பொறிக்குப் புகட்டப்பட வேண்டும். இதில் தமிழாசிரியரும் கணிப்பொறி வல்லுநரும் ஒன்றாக அமர்ந்து செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இத்தகைய அமைப்பை உருவாக்குவோர் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மாணவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், சிறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் என ஐந்தாறு பேரை அழைத்து, அவரவர்க்கு உண்மையிலேயே வேண்டிய பொருளைத் தேடச் சொல்லி, இடையில் ஒன்றும் சொல்லித் தராமல் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே தயங்கினார், எந்தச் சொல்லை எழுதி ஏமாந்தார், எந்த இடத்தில் கைவிட்டு எழுந்தார் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழை நேர்ந்தால் "இச்சொல்லையா கருதினீர்கள்?" என்று கேட்கும் பரிவும், ஒன்றும் கிடைக்காதபோது வெற்றுப் பக்கத்தைக் காட்டாமல் அடுத்த வழியைச் சொல்லும் உதவியும், மெதுவான இணைப்பிலும் சிறு கைப்பேசித் திரையிலும் படிக்கத்தக்க எளிமையும் அந்தக் குறிப்புக்களிலிருந்தே பிறக்கும். வழக்கமாகத் தேடும் ஆராய்ச்சியாளர், தாம் தேடும் களஞ்சியத்தின் எல்லை எதுவென ஒருமுறையேனும் படித்தறிந்து, பழைய பட்டியல்களையும், அவற்றை அறிந்த நூலகரையும் நாடுவாரானால், அமைப்பவரின் உழைப்பும் முழுப் பயனைத் தரும்.